நானே எழுதிய மனுவும் நானே எழுதிய பதிலும்

அமராவதிபுதூர் அரசு மதுக்கடையில் நான் சூப்பர்வைசர். பெயர் அருள்பாண்டி. அதே ஊர் அங்கன்வாடியில் என் மனைவி தீபலட்சுமி பணியாளர். இரண்டு பேருக்கும் படியளப்பது ஒரே அரசாங்கம். பிள்ளைக்கு முட்டை கொடுக்க அவளையும், பிள்ளையின் அப்பனுக்கு குவார்ட்டர் கொடுக்க என்னையும் நியமித்திருக்கிறது. காரைக்குடி செக்காலையில் இருந்து காலையில் ஒரே வண்டியில்தான் போவோம். வழியில் பார்க்கிறவர்கள் அவளுக்கு மட்டும் வணக்கம் வைப்பார்கள். எனக்கு வைக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து, கடை சாத்துவதற்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மொத்தமாக வைப்பார்கள்.

நான் எம்.ஏ. வரலாறு. அந்தப் படிப்பு இந்த வேலையில் ஒரே ஒரு காரியத்துக்குப் பயன்பட்டது, விளக்கக் கடிதம் எழுத. கடையில் விற்பனை குறைந்தால் ஏன் குறைந்தது என்று எழுத்துமூலமாகக் கேட்பார்கள். அதே வாரம் மது ஒழிப்புப் பேரணிக்கு ஆள் அனுப்பச் சொல்லியும் தாள் வரும். ஒரு தடவை இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் போட்டேன்: பேரணி சிறப்பாக நடந்தபடியால் விற்பனை குறைந்துள்ளது. அதை ஏற்றுக்கொண்டார்கள். அதிலிருந்து சுற்றுவட்டாரத்தில் எந்தக் கடைக்கு மெமோ வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், எழுதிக் கொடுத்துவிடுவேன். பொய்யே எழுதினாலும் படிக்கிறவருக்குக் கண் கலங்க வேண்டும், அதுதான் என் தொழில் தர்மம்.

இப்படி இருக்கையில் தீபாவின் அங்கன்வாடிக் கட்டடத்தில் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து விழுந்ததால் பிள்ளைகள் தப்பின. கண்ணம்மை ஆச்சி வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்து அங்கே மாற்றினார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், உள்ளே நடந்து நடந்து கால் வலித்த பிறகு பின்கதவு அடுத்த தெருவில் இருக்கும். இந்த வீட்டின் பின்கதவுக்கு எதிரேதான் என் கடை. வீட்டுக்குப் பங்காளிகள் பதினோரு பேர். மூத்தவரான ஆச்சி சென்னையில் இருக்கிறார். வாடகை ஒப்பந்தத்தில் பதினோரு பேரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட ஷரத்து ஒன்றே ஒன்று, பின்கதவை எப்போதும் மூடியே வைக்க வேண்டும் என்பது. அதனால் பிள்ளைகள் முன்வாசல் வழியாக வந்து, வளவு என்கிற நடுமுற்றத்தைக் கடந்து, பின்கட்டுக்குப் போய் உட்காரும்.

கதவை மூடலாம். சத்தத்தை மூட முடியுமா? பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் கடைக்குப் பதினொன்றுக்கே ஆள் வந்து அந்தப் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிடும்.

ஒரு நாள் தீபா என்னைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் வந்து பார்க்கச் சொன்னாள். பின்கட்டில் ஒரு ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம் மஹாலட்சுமி என்கிற மூன்றரை வயதுப் பிள்ளை நின்றிருந்தது. இந்தப் பக்கம் ஏழெட்டுப் பிள்ளைகள் கம்பிக்குள் கையை நீட்டிக்கொண்டு முண்டியடித்தன. மஹாலட்சுமி தலையைச் சொறிந்துகொண்டே, "சில்லற இல்லன்னா தள்ளி நில்லுப்பா" என்றது. நான் தலையைச் சொறிவேன் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு பயல் தள்ளாடிக்கொண்டு போய்க் கீழே விழுந்தான். மற்ற பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவனிடம் ஓடின. ஒன்று அவன் சட்டையை இழுத்துவிட்டது. இன்னொன்று அவன் கையைப் பிடித்து, "எந்திரிங்கப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றது. அந்த இடம் விளையாட்டு மாதிரி இல்லை.

நான் கடைக்குத் திரும்பி ஷட்டரைத் தூக்கினேன். வேறு என்ன செய்வது, மணி பன்னிரண்டு.

கொஞ்ச நாளில் ஒரு உத்தரவு வந்தது. பள்ளி, கோயில், குழந்தைகள் மையம் இவற்றுக்கு நூறு மீட்டருக்குள் இருக்கிற கடைகளைப் பட்டியல் எடுத்து மூடப்போகிறார்களாம். வாசலில் இருந்து வாசலுக்கு, மனுஷன் நடக்கிற வழியாக அளப்பார்களாம். ஆட்சேபம் இருந்தால் மனுக் கொடுக்கலாம். அன்று ராத்திரி தீபா ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தாள்.

"யாரு கடைக்கு எதிரா யாரை எழுதச் சொல்ற?" என்றேன்.

"ஊருக்கெல்லாம் ஒரு டீக்கு எழுதிக் குடுக்குறீக. நான் ரெண்டு டீ போட்டுத் தாரேன்."

எழுதினேன். எழுத உட்கார்ந்துவிட்டால் எனக்குக் கடை, சம்பளம் எதுவும் ஞாபகம் இருக்காது. 'பிஞ்சு மனங்களில் நஞ்சு கலக்கும் இக்கடை' என்றெல்லாம் வந்து விழுந்தது. பின்கதவில் இருந்து கடைக்கு இருபத்து மூன்று மீட்டர்தான் என்று காலடியால் அளந்து குறிப்பிட்டேன். தீபா கையெழுத்துப் போட்டாள். பத்து நாள் கழித்து அந்த மனுவின் நகல், மேல் ஆபீஸில் இருந்து கடைக்கு வந்தது. சூப்பர்வைசர் உரிய பதில் அளிக்கவும்.

என் எழுத்து என்னையே இப்படிக் குத்தும் என்று நினைக்கவில்லை. கடையை மூடினால் என்னை இளையான்குடிப் பக்கம் தூக்கிப்போடுவார்கள் என்று பேச்சு இருந்தது. ராத்திரி பத்து மணிக்குக் கடை சாத்திவிட்டு அங்கிருந்து காரைக்குடி வந்து சேர விடிந்துவிடும். எனக்கு வயது ஐம்பதைத் தொடுகிறது. சர்க்கரை இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு பாட்டிலை எடுத்துக் கொடுத்தால் சரக்கு எனக்குத்தான் தேவை என்று நினைப்பார்கள்.

பயத்தில் எழுதினாலும் பதில் நன்றாகவே வந்தது. முன்வாசலில் இருந்து தெருவைச் சுற்றி நடந்தால் கடைக்கு இருநூறு மீட்டருக்கு மேல். பின்கதவோ ஒப்பந்தப்படி நிரந்தரமாக மூடப்பட்டது, உபயோகத்தில் இல்லாதது, எனவே சட்டத்தின் பார்வையில் அது சுவர். இதைத் தீபாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். "பிஞ்சு மனங்கள மட்டும் காணோம்." அதற்கப்புறம் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அளக்கிற நாள் வந்தது. கலால் தாசில்தார் நாகவல்லி அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே டேப்பைத் தூக்கிக்கொண்டு செல்வம் என்று ஒரு சர்வேயர். தாசில்தார் மனுவையும் பதிலையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துவிட்டு, இந்த ஊரில் எல்லாரும் நன்றாக எழுதுகிறீர்களே என்று பாராட்டினார். தீபா ஒரு பக்கம் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

முன்வாசலில் இருந்து டேப் கிளம்பியது. தெருமுனையில் ஒரு மாடு குறுக்கே படுத்திருந்தது. அதையும் சுற்றித்தான் அளந்தார்கள், மனுஷன் அப்படித்தானே நடப்பான். இருநூற்றுப் பதினான்கு மீட்டர். கியூவில் நின்றவர்கள் முகம் மலர்ந்தது. தாசில்தார் பின்கதவைக் காட்டி, அதைத் திறப்பீர்களா என்று தீபாவிடம் கேட்டார்.

 "மூடித்தான் வைக்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு மேடம்" என்றாள். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. திறக்கிறோம் என்றால் ஷரத்தை மீறியதற்காக இடம் போய்விடும். அதோடு புருஷன் பொய்யன் என்று ஆகிவிடும். கடை போகவேண்டும் என்று என்னைவிட நூறு மடங்கு ஆசைப்பட்டவள், எனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள். செல்வம் டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அரசாங்கத்திடம் மறைத்ததை உங்களிடமும் மறைத்துவிட்டேன். சர்க்கரைக்காரன் ஒரு மணிக்குச் சூடாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடையை விட்டு நான் நகர முடியாது. வீட்டில் இருந்து கொண்டுவந்த சாப்பாட்டை அங்கன்வாடி அடுப்பில் சுடவைத்து அம்மாக்கண்ணு அக்கா எனக்குக் கொடுப்பார். அவர் அங்கே உதவியாளர், சமையலும் அவர்தான். முழங்கால் வலி உள்ள அந்த மனுஷி கேரியரைத் தூக்கிக்கொண்டு இருநூற்றுப் பதினான்கு மீட்டர் சுற்றிவர முடியுமா? சட்டத்தின் பார்வையில் சுவராக இருந்த அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்.

அன்றைக்கும் மணி ஒன்று ஆனது. உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அம்மாக்கண்ணு அக்கா கேரியரை நீட்டி, "தம்பி, இன்னைக்குச் சுரைக்காய்க் கூட்டு. ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றார்.

செல்வத்தின் கையில் டேப் நின்றது. எனக்கு என் பசிமேலேயே கோபம் வந்தது.

தாசில்தார் அம்மா கதவருகே போய்க் கீலைத் தொட்டுப் பார்த்தார். விரலில் எண்ணெய் ஒட்டியது. இது எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். அம்மாக்கண்ணு அக்கா கூட்டத்தைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், வியர்த்துக் கொட்டும் என் முகத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"இன்னைக்குத்தாம்மா மொதத் தடவ" என்றார். "கதவு தானாத் தெறந்துக்கிருச்சு."

அவ்வளவு மோசமான பொய்யை நான் என் சர்வீஸில் கேட்டதில்லை. ஆனாலும் அது போதும். நான் தலையை ஆட்டினால் அது அரசாங்க ஆவணம். தாசில்தாரும் அதற்காகத்தான் என் பக்கம் திரும்பினார்.

"சூப்பர்வைசர், நீங்க சொல்லுங்க. தினமும் திறக்கிற கதவா, இன்னைக்கு மட்டுமா?"

நான் தீபாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அம்மாக்கண்ணு அக்காவின் சேலைக்குப் பின்னால் இருந்து மஹாலட்சுமி தலையை நீட்டியது. படியில் உட்கார்ந்திருந்த கியூக்காரர்களில் ஒருவனைப் பார்த்துவிட்டு, "அப்பா" என்றது. சிரிக்கவில்லை. அந்த ஆள் காலி பாட்டிலை அவசரமாக வேட்டி மடிப்புக்குள் வைத்தான். 

"தினமும்தான் மேடம்" என்றேன். "நாலு மாசமா. ஞாயித்துக்கிழமை மட்டும் கெடையாது."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

"எழுதுறதுல எனக்குச் சிரமம் இல்ல மேடம். எது நெசங்குறதுலதான் கொஞ்சம் குழப்பம் இருந்துச்சு."

டேப் மறுபடி விரிந்தது. இருபத்து மூன்று மீட்டர் நாற்பது. கியூவில் ஒருவர், சோத்துக்கு அலைஞ்ச பய கடையையே முழுங்கிட்டான் என்று சொன்னது எனக்குக் கேட்டது. நியாயமான பேச்சு. அன்றைக்கு எல்லோருக்கும் நானே முன்னால் நின்று பாட்டில் கொடுத்தேன். கூட்டு ஆறிப்போயிருந்தது.

சாயங்காலம் தீபா சென்னைக்குப் போன் போட்டு ஷரத்தை மீறிய கதையைச் சொல்லி அழுதாள். ஆச்சி முழுதும் கேட்டுவிட்டு, "சோறு போற கதவுதானே, இருக்கட்டும். மத்த பத்துப் பேருகிட்டயும் நான் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டாராம்.

இரண்டு மாதத்தில் கடையை மூடினார்கள். இருப்பை லாரியில் ஏற்றிக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, ஷட்டருக்குச் சீல் வைக்கும்போது நான்தான் மெழுகுவர்த்தி பிடித்தேன். என்னை இளையான்குடிப் பக்கமே போட்டார்கள். கூடவே, பொய்த் தகவல் அளித்தமைக்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டு ஒரு மெமோ. ஊருக்கெல்லாம் எழுதியவனுக்குத் தனக்கென்று எழுத வரவில்லை. ஐந்து தாள் கிழித்தேன். கடைசியில் இவ்வளவுதான் எழுதி அனுப்பினேன்: கதவைப் பற்றி மனுவில் உள்ளது உண்மை, பதிலில் உள்ளது பொய், இரண்டையும் எழுதியது நான். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்று திரும்பி வந்தது. இருபது வருஷத்தில் அப்படித் திரும்பி வந்த முதல் விளக்கம். கண்டனத்தோடு விட்டுவிட்டார்கள்.

புது இடத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில் பஸ் ஸ்டாண்டு வரை தீபாவும் வந்தாள். பஸ் இன்னும் வரவில்லை. ரொம்ப நாளாக வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டாள்.

"அன்னைக்குக் காலையிலயே அம்மாக்கண்ணு அக்காட்ட, இன்னைக்குச் சோறு கொண்டாராதீகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல? மறந்துட்டீகளா, வேணும்னே விட்டீகளா?"

அதை நான் எனக்குள்ளே பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டேன். விளக்கம் கிடைக்கவில்லை. "தெரியல தீபா" என்றேன். "நீயாவது சொல்லியிருக்கலாமுல்ல? நீதான உள்ள இருந்த."

அவள் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞாபகம் இருந்துச்சு" என்றாள்.