ஒன்றாம் வாய்ப்பாட்டோடு நின்ற கம்ப்யூட்டர்

சுந்தரவல்லிக்கு வாய்ப்பாடு தலைகீழ்ப் பாடம். தாம்பரம் மார்க்கெட்டில் அவள் கணவர் ஏகநாதன் காயைத் தராசில் வைக்கச் சொல்லிவிட்டு, "ஏழெட்டு எவ்ளோ வல்லி?" என்று அவளிடம்தான் கேட்பார். ஆபீசில் கணக்கெழுதும் மனிதருக்கு அந்த ஒரு பெருக்கல் மட்டும் கடைசிவரை ஏறவில்லை.

அவர் போனபின் கருணை அடிப்படையில் அவருடைய ஆபீசிலேயே அவளுக்கு வேலை கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் தேர்வில் தேறினால்தான் அது நிலைக்கும். சிட்லபாக்கத்திலிருந்து நடந்துபோய், சானடோரியம் பக்கம் ஒரு மாடி சென்டரில் சேர்ந்தாள். அங்கே பென்சில் டப்பாவோடு வந்த ஒரே மாணவி அவள்தான், வயது நாற்பத்தாறு.

"வாய்ப்பாடு வரவழைக்கிற புரோகிராம் கண்டிப்பா கேப்பாங்க" என்றாள் டீச்சர் அனம்.

வாய்ப்பாடா, எனக்கா என்று சுந்தரவல்லி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துப் பழக்கப்படி புரோகிராமையும் ராகம் போட்டு மனப்பாடம் செய்தாள். "ஐ ஈக்வல் டு ஒண்ணு, ஜே ஈக்வல் டு ஒண்ணு" என்று இரண்டையும் ஜோடியாக முதலிலேயே வைத்தால்தான் ராகம் நின்றது. வைத்தாள்.

மாதிரித் தேர்வில் ஒன்றாம் வாய்ப்பாடு வந்தது. அதற்குக் கீழே திரை வெறும் கறுப்பு.

"மேடம், இந்தக் கம்ப்யூட்டர் ஒண்ணாம் வாய்ப்பாட்டோட படிப்பை நிறுத்திடுச்சு. வேற குடுங்க."

அனம் குனிந்து பார்த்தாள். "அது நல்லாதான் இருக்குக்கா. ஐ எந்த வாய்ப்பாடுன்னு சொல்லுது. ஜே அதுக்குள்ள ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் ஓடிட்டு, பதினொண்ணுல நிக்குது. அடுத்த வாய்ப்பாட்டுக்கு அதை மறுபடி ஒண்ணுக்குக் கொண்டுவரணும்ல? நீங்க வெளியவே ஒருவாட்டி சொல்லிட்டு விட்டுட்டீங்க. அதான் ஐ மட்டும் ஏறிட்டே போகுது, உள்ள எதுவும் ஓடலை."

"உள்ள வெச்சா ராகம் இடிக்குதே."

"சரி, பல்லவின்னு நெனச்சுக்கங்க. ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் பல்லவிக்குத் திரும்புறீங்கல்ல?"

ஏரிக்கரை வழியே வீடு திரும்பும்போது, ஏகநாதன் போனதிலிருந்து தன் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்று தோன்றியது. விடிகிறது, இருட்டுகிறது, உள்ளே எதுவும் ஓடுவதில்லை. புரோகிராம் தப்பாகப் போட்டால் தத்துவம் சரியாக வருகிறதே என்று தன்னையே நொந்துகொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

தேர்வன்று விரல்கள் பழைய ராகத்துக்கே ஓடின. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஜேயை அழித்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். திரை நிறைய எண்கள் வந்து விழுந்தன.

தேர்வாளர் பின்னால் வந்து நின்றார். "முடிஞ்சுதாம்மா?"

அவள் விரல் திரையில் ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் நின்றிருந்தது. "ஏழெட்டு ஐம்பத்தாறு வந்துடுச்சு சார்."

"மத்ததும்தான் சரியா வந்திருக்கு" என்று மார்க்கைப் போட்டார் அவர்.

"மத்ததெல்லாம் அவருக்கே தெரியும் சார்" என்றாள் சுந்தரவல்லி.