கண்ணால் பார்க்காத எட்டு

தனியாரும் மின்சாரம் தயாரிக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்துவிட்ட காலத்தில், நன்னிலத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே எழும்பியது அந்த நிலையம். பூமிக்கடியிலிருந்து வரும் எரிவாயுவை எரித்து, தண்ணீரை நீராவி ஆக்கி, அதிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள். அருள்ஜோதி அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தாள். பூதலூரில் பிறந்து, வேதியியல் படித்து, கல்யாணமாகி நன்னிலத்துக்கு வந்தவள். கணவன் அடைக்கலராஜ் அபுதாபிப் பக்கம் ஓர் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர்.

வாங்கும் ஒவ்வொரு வால்வுக்கும் காகிதம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. உலையில் ஒரு தடவை உருக்கி ஊற்றுகிற உருக்குக்கு ஓர் எண் உண்டு. ஹீட் நம்பர் என்பார்கள். அதில் வார்த்த வால்வுகள் எல்லாவற்றின் உடம்பிலும் அந்த எண் பதிந்திருக்கும். அந்த உருக்கில் என்னென்ன கலந்திருக்கிறது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சோதித்த சர்டிபிகேட் தனியாக வரும். வால்வில் உள்ள எண்ணையும் சர்டிபிகேட்டில் உள்ள எண்ணையும் ஒத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, 'நேரில் பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டும். பிற்பாடு எதிலாவது கோளாறு என்றால் அது எந்த உலையில் பிறந்தது, அதன் கூடப் பிறந்தவை எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிப் போக அது ஒன்றுதான் வழி.

2003 ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, வால்வு செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஊற்றிய கே 422 என்ற ஹீட்டில், வார்த்தபின் சூடேற்றிப் பதப்படுத்தும் வேலை சரியாக நடக்கவில்லை என்று இப்போது தெரியவந்திருக்கிறது. அந்த எண்ணுள்ள வால்வு எதுவும் இருந்தால் உடனே கழற்றிவிடவும். இல்லையென்றாலும் ஒரு வாரத்துக்குள் பதில் எழுதவும்.

தலைமைப் பொறியாளர் ரகுராமன் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னார். மெட்ராஸிலிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். பதிவேட்டில் அந்தக் கம்பெனியின் வால்வுகள் நாற்பது இருந்தன. ஒன்றில்கூட கே 422 இல்லை. அப்படியானால் இல்லையென்று ஒரு பதில் அடித்துக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

தன் மேசைக்கு வந்து அருள்ஜோதி அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். கடைசி எட்டு வரிகளிலும் ஒரே எண்: கே 417. கீழே அவள் கையெழுத்து. அந்த எட்டையும் அவள் பார்க்கவில்லை.

அது 1999 நவம்பர். விடாமல் மழை. லாரி வந்து சேரவே மூன்று மணியாகிவிட்டது. முப்பத்திரண்டு வால்வுகளைத் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொண்டாள். மிச்சம் எட்டும் அடிப்பெட்டியில், ஆணி அடித்தபடி கிடந்தன. கிரேன்காரர் போய்விட்டார். அவளுக்கு ஐந்தரை பஸ். மறுநாள் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று, கம்பெனி அனுப்பிய பட்டியலைப் பார்த்து எட்டு எண்களையும் எழுதினாள். மறுநாள் அவள் வருவதற்குள் ஃபிட்டர்கள் பெட்டியை உடைத்து வால்வுகளை மேலே கொண்டுபோயிருந்தார்கள். அன்றைக்கே அவள் சொல்லியிருக்கலாம். பதிவேட்டை அவசரமாகக் கேட்டார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பட்டியல் சரியாக இருந்தால் ஒன்றுமில்லை. அதைத்தான் அவள் நம்பப் பார்த்தாள். அப்புறம் எழுந்துபோய், அந்த லாரியோடு வந்த சர்டிபிகேட் கட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். கடைசித் தாள் கே 422. எந்த வால்வோடும் சேராத ஒரு சர்டிபிகேட். அதன் ஓரத்தில் பென்சிலால் 'உபரி' என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்துதான். வேறு யாருக்கோ போகவேண்டிய தாள் கலந்து வந்துவிட்டதாக அப்போது நினைத்திருந்தாள்.

தாளைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினாள். அந்த மாதம் வேறொரு காரியமும் இருந்தது. அடைக்கலராஜ் வேலை செய்யும் இடத்திலேயே அவளுக்கும் ஆவணப் பிரிவில் வேலை ஏற்பாடாகியிருந்தது. எட்டு வருஷக் கல்யாணத்தில் அவர்கள் ஒரே வீட்டில் இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மகன் கிளாட்சனுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை வரும் போன். மாதக் கடைசிக்குள் அனுபவச் சான்றிதழ் அனுப்பினால் விசா வந்துவிடும் என்று அடைக்கலராஜ் சொல்லியிருந்தான். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் ரகுராமன்.

செவ்வாய்க்கிழமை பதிலை அடித்தாள். 'எங்களிடம் இல்லை' என்ற மூன்று வரிக் கடிதம். எடுத்துக்கொண்டு ரகுராமன் அறைக்குப் போனாள். கூடவே பதிவேட்டையும் அந்த உபரித் தாளையும் எடுத்துப் போனாள். எதை முதலில் மேசையில் வைப்பது என்று கதவைத் தட்டும்வரை அவளுக்கே தெரியாது.

பதிவேட்டைத்தான் வைத்தாள். நடந்ததைச் சொன்னாள். ரகுராமன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

"இப்ப உங்களுக்குத் தெரியும் சார்."

அந்த எட்டும் இரண்டாம் யூனிட்டின் பிரதான நீராவிக் குழாயில் இருந்தன. மேலே சூடு போகாமலிருக்கப் பஞ்சும் அலுமினியத் தகடும் சுற்றி மூடியிருந்ததால், யூனிட்டை நிறுத்தி ஆறவிட்டுப் பிரித்தால்தான் எண் தெரியும். அந்த வருஷமும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை முழுக்க போர் பம்புகளை நம்பி நின்றது. மின்வாரியம் ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் காரணம் கேட்டது. எப்படியும் செப்டம்பரில் வருடாந்தரப் பராமரிப்புக்கு நிறுத்துவோம், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் ரகுராமன்.

அவள் நின்றுகொண்டே இருந்தாள். "அப்படின்னா, செப்டம்பர் வரைக்கும் தெரிஞ்சேதான் ஓட்டறோம்னு பதிவேட்டுல ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டுடுங்க சார். என் தப்பை நான் எழுதிட்டேன்."

அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். அவள் கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியிட்டு, 'எட்டு வால்வுகள் நேரில் பார்க்கப்படவில்லை, பட்டியலிலிருந்து எழுதப்பட்டது' என்று மையால் எழுதியிருந்தது. பேனாவை எடுத்தார், மூடி வைத்தார். போகலாம் என்று கையைக் காட்டினார். சனிக்கிழமை காலை இரண்டாம் யூனிட்டை நிறுத்த உத்தரவு போட்டிருக்கிறார் என்று மாலையில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைக்குள் குழாய் ஆறிவிட்டது. மூத்த ஃபிட்டர் மீரா உசேன் தகட்டையும் பஞ்சையும் பிரித்தார். அருள்ஜோதி பூசைக்குப் போகவில்லை. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, இரும்பு ஏணியில் ஏறினாள். மீரா உசேன் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுக்க, அவள் மெல்லிய தாளை எண்ணின்மேல் வைத்துப் பென்சிலால் உரசிப் படி எடுத்தாள். முதல் ஐந்தும் கே 417. ஆறாவது கே 422. ஏழாவதும் எட்டாவதும் அப்படியே. பட்டியலை அடித்தவர் மேல்வரியிலிருந்த எண்ணையே கீழேயும் இழுத்துவிட்டிருந்தார்.

மூன்றிலும் சிவப்புச் சாயம் பூசித் துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடி தெளித்தார்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன சாயம் பொடியில் ஊறி வெளியே வரும். இரண்டில் ஒன்றும் வரவில்லை. எட்டாவது வால்வின் கழுத்தில், கொஞ்ச நேரம் கழித்து, மயிரிழை மாதிரி ஒரு சிவப்புக் கோடு எழும்பியது.

மீரா உசேன் அதைக் குனிந்து பார்த்தார். அந்த வால்வுக்கு ஒரு கை நீளத்தில்தான் அவர் ஆட்கள் ஷிப்டுக்கு நாலு தடவை நடந்துபோகும் பாதை. "இது எத்தனை நாளா இருக்கும்மா?" என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் ஏணியில் இறங்கிப் போய்விட்டார். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மூன்று வால்வையும் மாற்றி யூனிட்டைத் திரும்ப ஓட்டப் பன்னிரண்டு நாளாயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். கேட்டதற்கெல்லாம் அருள்ஜோதி உள்ளதைச் சொன்னாள். மெமோ கொடுத்து, அவளைத் தரக்கட்டுப்பாட்டிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். விசாரணை முடியும்வரை எந்தச் சான்றிதழும் கொடுக்கக்கூடாது என்று விதி. மாதக் கடைசி தாண்டியது. அபுதாபி வேலைக்குக் கோட்டயத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள்.

போனில் அவள் சொன்னபோது அடைக்கலராஜ் முதலில் நம்பவில்லை. பிறகு, யாருமே கேட்காததை நீயே போய் ஏன் சொன்னாய் என்று கத்தினான். அதற்கப்புறம் இரண்டு வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. மூன்றாவது வெள்ளி பிள்ளையோடு மட்டும் பேசினான்.

டிசம்பரில் லீவில் வந்தான். கிறிஸ்துமஸ் கழியும்வரை அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவி வந்தவன், அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"அந்த விரிசல் எவ்வளவு இருந்துச்சு?"

அவள் ஆள்காட்டி விரல் நகத்தின் அகலத்தைக் காட்டினாள்.

அவன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக அவன் நிற்பதும் நடப்பதும் அப்படிப்பட்ட குழாய்களுக்கு நடுவில்தான். தன் தலைக்குமேல் இருக்கும் வால்வை எந்த ஊரில் எவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார் என்று அவன் இதுவரை யோசித்ததில்லை.

"எங்க சைட்டுலயும் இப்படித்தான் பார்ப்பாங்களா?" என்றான்.

"பார்க்கணும்" என்றாள் அருள்ஜோதி.

ஜனவரியில் திரும்பிப் போனான். வழக்கம்போல் வெள்ளிக்கிழமைகளில் போன் வந்தது. அவள் இரண்டு வருஷம் ஸ்டோரிலேயே இருந்தாள்.