தேவதாஸ் வீட்டுப் பெஞ்சு

சைக்கிள் கேரியரில் மடித்துக் கட்டியிருந்த துண்டை அவிழ்ப்பதா வேண்டாமா என்று கணேசமூர்த்தி வெகுநேரமாக யோசித்துக்கொண்டு நின்றார். மகள் கோகிலா உட்கார்ந்து பள்ளிக்குப் போவதற்காக அவரே கட்டிய துண்டு. ஹேண்டில்பாரில், நாடு சுதந்திரம் பெற்ற அன்று அவள் ஒட்டிய காகிதக் கொடி ஒரு மழையில் சாயம் போய் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. லீவு முடிந்து நாளை திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நாளை முதல் அவருக்குக் கிளேபாங்கில் வேலை. பள்ளி இருப்பது டவுனில். அவர்கள் குடியிருக்கும் கஜா பேராங்கிலிருந்து இரண்டும் வேறு வேறு திசை.

"நான் நடந்தே போறேன்ப்பா" என்றாள் கோகிலா, எத்தனையாவது தடவையாகவோ.

ஒன்பது வயதுப் பெண் லோரி போகிற ரோட்டில் தனியாக நடப்பதா? போதாததற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையும் நடந்து போவதில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் மகன் மாணிக்கவாசகம் பெக்காவில், அந்த மூன்று சக்கர வண்டியை நிறைத்து உட்கார்ந்து, ராஜா மாதிரி போவான். முனை வீட்டுத் தேவதாஸ் டவுனில் கடை வேலைக்குப் போகிற வழியில் தன் மகள் ஜெயாவைச் சைக்கிளில் இறக்கிவிடுவார். நடப்பது வக்கில்லாதவர்கள் செய்கிற காரியம் என்று ஊரே முடிவு செய்திருந்தது.

"ஒரு வாரம் பாப்போம். ஏதாச்சும் ஒண்ணுன்னா படிச்சது போதும், வீட்டுல இரு" என்றார். கோகிலாவுக்குப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்ததும் ஏன் சொன்னோம் என்று இருந்தது. ஆனாலும் அப்பாவாயிற்றே, சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி சாரதாம்பாள் பஞ்சாங்கத்தோடு வந்தாள். "ஏங்க, நாளைக்கு அஷ்டமி. மொதமொதல்ல தனியா போற புள்ள. இப்பவே பைய பரஸ்தானம் வெச்சிடுவோம்."

நல்ல நேரத்தில் பயணச் சாமானை இன்னொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் அஷ்டமியானாலும் ஆள் கிளம்பலாம். கோகிலா பையைத் தூக்கிக்கொண்டு பொன்னம்மா வீட்டுக்கு ஓடினாள்.

பொன்னம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளி திறக்கிற நாள் அஷ்டமி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையே! தன் மகனின் பையைத் தன் வீட்டிலேயே வைத்தால் செல்லாது. அதனால் இரண்டு பைகளையும் எடுத்துப்போய் முனை வீட்டு வாசல் பெஞ்சில் வைத்தாள். தேவதாஸ் குடும்பம் மாதா கோயிலுக்குப் போயிருந்தது. அவள் போவதைப் பார்த்த எதிர்வரிசை வீடுகள் சும்மா இருக்குமா? தேவதாஸ் திரும்பி வந்தபோது பெஞ்சு நிறையப் பள்ளிப் பைகள்.

மறுநாள் காலை கணேசமூர்த்தி கோகிலாவை வாசலிலிருந்து வழியனுப்பிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒளிந்து ஒளிந்து பின்னால் போனார். முனை வீட்டு வாசலில் அவர் கண்டது ஒரு ஊர்வலம். தலைவாரிப் பொட்டு வைத்த பிள்ளைகள், கையில் குடையோடு தேவதாஸ், அப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஜெயா.

"எல்லாரும் வந்தாச்சா? ரோட்டோரமா நடங்க. கோகிலா, நீ முன்னால போ!" என்றார் தேவதாஸ்.

மாணிக்கவாசகம் பையை எடுக்கத்தான் வந்தான். எடுத்தவன் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கிவிட்டான், வாய் நிறையச் சிரிப்போடு. அவனுக்காக வந்திருந்த சீனக் கிழவர் காலி பெக்காவை மெதுவாக மிதித்துக்கொண்டு, மணியை அடித்தபடி பின்னாலேயே போனார். பெரிய ரோடு வந்ததும் தேவதாஸ் குடையை நீட்டினார். லோரி நின்றது. கோகிலா கைவீசிக்கொண்டு கடந்து போனாள், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல். கணேசமூர்த்திக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கொஞ்சம் வருத்தமும் இருந்தது. கிளேபாங்குக்கு அன்று தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

சாயங்காலம் நேராக முனை வீட்டுக்குப் போனார். "அண்ணே, யாரு செஞ்ச ஏற்பாடு இது?"

"என்ன தம்பி, நீங்கதானே எல்லாரும் பைய கொண்டாந்து வெச்சீங்க? புள்ளைங்கள நம்பி ஒப்படைக்கிறாங்கன்னு நெனச்சேன். வேற எதுக்காம்?"

கணேசமூர்த்தி பரஸ்தானத்தை விளக்க வாயெடுத்தார். பிறகு, "அதுக்குத்தான்ணே" என்றார்.

வீட்டு வாசலில் கோகிலா பையோடு கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்னாம்மா?"

"நவமிப்பா. அதுவும் ஆகாதாம்."

"நாளன்னிக்கு?"

"தசமி. நல்ல நாளுதான்." கொஞ்சம் யோசித்தாள். "இருந்தாலும் வெச்சிடலாம்ப்பா."

இருட்டுகிற நேரத்தில் தூறல் போட்டது. கணேசமூர்த்தி கேரியரின் முடிச்சை அவிழ்த்துத் துண்டை உதறினார். முனை வீட்டுக்கு ஓடி, பெஞ்சில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த பைகளின் மேல் அதை விரித்தார். ஒரு பை மட்டும் ஓரத்தில் நனைந்தது. அது மாணிக்கவாசகத்தின் பை. அதையும் உள்ளே தள்ளி, துண்டின் நுனியைச் செருகிவிட்டார்.