வெறும் கண்ணாடி

ஓரகத்தி வீட்டில் இருந்தாலே போதும், நிம்மதி போய்விடும். மூத்தவளுக்கு அவள் லேசர் அறையிலும் வாய்த்திருந்தாள். கொழுந்தனாரின் மனைவியாயிற்றே என்று வேலைக்குச் சிபாரிசு செய்ததும் மூத்தவள்தான். தன் வாயால் தானே கெட்ட கதை.

அந்த லேசர் மேசையின் ஒவ்வொரு திருகும் மூத்தவளின் கைபட்டது. அங்கே ஓர் ஒளித்துடிப்பு படிகத்தை உலுக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் இன்னொன்று, படிகம் எப்படி நடுங்குகிறது என்று பார்த்துவரும். கண் இமைக்கும் நேரத்தை லட்சம் கோடியாக நறுக்கினால், அதில் ஒருசில துண்டுகளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். மூத்தவள் வருஷக்கணக்காகத் தேடியும் சிக்காத அந்த நடுக்கம், நேற்று வந்த இளையவளின் படிகத்தில் நெளிநெளியாகத் திரையில் வந்து நின்றது. பேராசிரியர் பூரித்துப்போய், கருத்தரங்கில் அவளே பேசட்டும் என்றார். போதாக்குறைக்கு மாமியார் வேறு, "சின்னவளுக்கு ராசியான கை" என்று போனில் சொன்னார். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

அது கருவியின் கோளாறாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கினாள். படிகத்தை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடித் துண்டை வைத்தால் தெரிந்துவிடும். அதிலும் நெளிவு வந்தால் இளையவளின் கதை கந்தல். அவள் சாப்பிடப் போன சமயம் பார்த்து வைத்தாள். திரையில் கோடு செத்த பாம்பாகக் கிடந்தது. அப்படியானால் இளையவள் கண்டது நிஜம்.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, அவங்க படிகம்தானே? கோடு தட்டையா இருக்கே."

"ஆமா சார். மறுபடி வர மாட்டேங்குது." நாக்கு அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டது.

"அப்ப அவங்க பேச வேண்டாம்," என்றார் அவர்.

வாசலில் நின்ற இளையவள் இதைக் கேட்டுவிட்டாள். உள்ளே வந்து, லேசர் மேசைமேலிருந்த மூடிய பெட்டிக்குள் துண்டைத் தாங்கியிருந்த பிடியைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். அவளுடைய படிகம் கன்னங்கறுப்பு. கையிலிருந்த துண்டு வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது. மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தரையைப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான் சார். நான்தான் கண்ணாடிய மாட்டிட்டுப் போயிட்டேன். அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

பேராசிரியர் சிரித்துவிட்டார். "நல்லதாப் போச்சு. கண்ணாடியில வரலன்னா, படிகத்துல வந்தது உண்மைதான். நீங்களே பேசுங்க. இந்தச் சோதனையையும் சேர்த்துச் சொல்லுங்க."

அது தான் செய்த சோதனை என்று சொல்ல மூத்தவளுக்கு வாயில்லை. காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று நன்றி வந்திருக்க வேண்டும். பெருந்தன்மையிலும் முந்திக்கொண்டாளே என்று வயிறு இன்னொரு முறை எரிந்தது.