மணி ஒரு முறைதான் அடிக்கும்

ஆலை உலைகளில் சூடு எல்லை மீறினால் மணியடித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதன் புதிய பதிப்பில் உலகம் முழுக்க ஆட்கள் புதுப்புது வசதிகளைச் சேர்த்து விளையாடிக்கொண்டிருக்க, ஆலைகள் நம்பி ஓட்டும் 'ஸ்டேபிள்' என்கிற நிலையான பதிப்பைக் கட்டிக் காப்பவள் கெலமங்கலத்துப் பொற்கொடி. ஏழு வருடமாக அவள் சட்டம் ஒன்றுதான்: பழுது பார்க்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, எதுவானாலும் பத்து நாள் சோதனையில் ஓடிய பிறகுதான் வெளியே போகும். அவள் விட்ட எதனாலும் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெருமையைத் தவிர அதில் அவளுக்கு வேறு வரும்படி இல்லை.

அவள் கணவன் சுபாஷ் ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்பு ஆலையில் ஆறு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. அந்த மென்பொருளைக் கவனிப்பது சுபாஷின் பெண்டாட்டி என்பது மேனேஜர் பிரதாப்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை அவளை ஆலைக்கே வரவழைத்துக் காபி கொடுத்தான். நல்லவன் மாதிரி சிரிக்கவும் அவனுக்குத் தெரியும்.

"சூடு ஏறுச்சுன்னா பத்து தடவ மணி அடிக்குது மேடம். ஒரு தடவ அடிச்சா போதாதா? புது வெர்ஷன்ல அந்த வசதி இருக்குதுல்ல, அதை ஸ்டேபிள்ல சேத்து வெள்ளிக்கிழமைக்குள்ள விடுங்க. ஜெர்மன்காரன் ஆடிட்டுக்கு வரான். ரிலீஸ்ல இருக்குன்னு காட்டணும்."

"சேர்க்கக் கூடாதுங்க சார். அப்படியே சேர்த்தாலும் பத்து நாள் சோதனை பண்ணணும்."

பிரதாப் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். சுபாஷைப் பர்மனென்ட் ஆக்கும் கடிதம். கையெழுத்துதான் பாக்கி.

"இதுக்கும் வெள்ளிக்கிழமதான் கடைசி நாளு" என்றான்.

வீட்டில் சுபாஷ் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் முடியாது என்றிருப்பாள். "ஊருல இருக்கறவனுக்கெல்லாம் சும்மா செஞ்சு குடுக்கற. எனக்குன்னா மட்டும் சட்டமா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் காலை சாப்பிடாமலே கம்பெனி பஸ்ஸுக்குப் போனான்.

பொற்கொடி அந்த வசதியைச் சேர்த்தாள். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தாள், மணி அடித்தது. வியாழன் மதியம் வெளியே விட்டாள். கூடவே போகும் வெளியீட்டுக் குறிப்பில், 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது' என்று எழுதினாள். ஏழு வருடத்தில் அதில் அவள் எழுதிய முதல் பொய் அது. சனிக்கிழமை சுபாஷ் கையெழுத்தான கடிதத்தோடு மைசூர்பாகும் வாங்கி வந்தான். அன்று அவளும் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை கோயம்புத்தூரிலிருந்து ஒரு சின்னப் பட்டறைக்காரர் போன் செய்தார். முதல் முறை மணி அடித்திருக்கிறது, நிறுத்தியிருக்கிறார்கள். மறுபடி சூடு ஏறியபோது அடிக்கவே இல்லை. ஒரு தடவை போதும் என்று கேட்டார்கள் அல்லவா, அது ஒரே தடவையோடு வாயை மூடிக்கொண்டது. உருகிய அலுமினியம் பொங்கி, மாடசாமி என்கிற தொழிலாளிக்கு இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

"உங்க ரிலீஸ்னா நாங்க யோசிக்கறதே இல்லீங்கம்மா. வந்த அன்னிக்கே போட்டுட்டோம்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அந்த வெளியீட்டைத் திரும்பப் பெற்றாள். அடுத்த நொடி சுபாஷ் நிற்கும் உலை ஞாபகம் வந்தது. பிரதாப்பைப் போனில் கூப்பிட்டாள்.

"சார், அதை உடனே எடுத்துருங்க! ரெண்டாவது தடவ மணி அடிக்காது. அவரு அடுப்புகிட்ட நிக்கறாரு!"

"எதை எடுக்கறது? நாங்க இன்னும் போடவே இல்லயே மேடம்."

"போடலையா?"

"ஆடிட்டர் பேப்பரத்தானே பாத்தான். எந்த ரிலீஸா இருந்தாலும் பதினஞ்சு நாளு கழிச்சுத்தான் போடுவோம், எங்க ரூல் அது. அதுக்குள்ள வெளிய எவனுக்காவது அடிபட்டா தெரிஞ்சுடும்ல? சரி பண்ணிட்டு அடுத்தத விடுங்க, அவசரமில்ல."

பொற்கொடி நாற்காலியில் உட்கார்ந்தாள். சுபாஷுக்கு ஒன்றும் ஆகாது என்ற நிம்மதிதான் அவளுக்கு முதலில் வந்தது. மாடசாமியின் கைகள் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன.