முன்மொழிபவர்

அம்மாவின் தாலிக்கயிற்றோடு சேர்த்து மாட்டியிருந்த ஊக்கைத் திறக்கப் பிரியங்காவுக்கு இரண்டு தடவை முடியவில்லை. மூன்றாவது தடவை திறந்துகொண்டது. பள்ளிக்கூடச் சமையலறையின் சாவி உள்ளங்கையில் விழுந்தது. அம்மாவின் கழுத்திலேயே கிடப்பதால் அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். இன்றைக்கு இல்லை.

"இன்னாடி பண்ற?" என்றாள் தாயம்மாள் அத்தை, குளிப்பாட்டுவதற்குக் கொண்டுவந்த குடத்தை இறக்கி வைத்தபடி.

"சாவி, அத்தை. ஸ்கூல்ல குடுக்கணும்."

"சாவு ஊட்டுல இருந்து பொண்ணு வெளிய போவுமா? நாளைக்கு யார்னா குடுத்தா ஆவாதா?"

பிரியங்கா வாசல் பக்கம் பார்த்தாள். அப்பா துளசிங்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"போய்ட்டு வரட்டும் வுடு, தாயி," என்றார். "இவ இருந்தா இந்நேரம் பருப்பு வெந்துகினு இருக்கும்."

அம்மா கோமளவல்லி விடியற்காலை ஐந்தரை மணிக்குத் துவைக்கிற கல்லின் மேல் சாய்ந்தவள்தான். ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம்கூட வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தெட்டு வயது. அதில் பதினெட்டு வருடம் அரசு உயர்நிலைப் பள்ளியில் சத்துணவு சமைத்தாள். உதவியாளர் வேலைக்கு இரண்டு வருடமாக ஆள் போடவில்லை. அமைப்பாளர் மூன்று பள்ளிகளைப் பார்த்துக்கொள்பவர், வாரத்தில் இரண்டு நாள் வந்தால் அதிகம். ஆகவே சாவி ஒன்றுதான். அது அம்மாவிடம்தான்.

மலைக்கோயிலுக்குப் போகிற தெருவில் ஆந்திரா பஸ் ஒன்று கூட்டத்தை இறக்கிவிட்டிருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு அம்மாள் படிக்கட்டுக்கு வழி எது என்று தெலுங்கில் கேட்டாள். பிரியங்கா சாவி இருந்த கையால் வழியைக் காட்டினாள். தெரியாதவர்களிடம் அவளுக்கு வாய் வராது. பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் பாதிக் காரணம். இப்போது பேசவேண்டியது ஒன்று இருந்தது, அதை யாரிடம் எப்படி என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் அம்மா ஒரு படிவத்தை அவள் முன்னால் விரித்து வைத்தாள். சத்துணவு ஊழியர் சங்கத்தின் உறுப்பினர் படிவம்.

"நீ எழுதுடி. உன் கையெழுத்து முத்து முத்தா இருக்குது."

பெயர், பணியிடம், பணியில் சேர்ந்த நாள், கீழே வரப்போகிற வெள்ளிக்கிழமைத் தேதி என்று எல்லாவற்றையும் பிரியங்காதான் நிரப்பினாள். அம்மா காலண்டர் தாளின் பின்பக்கம் நான்கு தடவை எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். 'முன்மொழிபவர்' என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது. ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் அதில் கையெழுத்துப் போடவேண்டும். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேட்டுக்கறேன்," என்று எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. பிரியங்காவும் கேட்கவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் சங்கம் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்தது. எல்லாச் சமையலறைகளும் பூட்டிக் கிடந்தன. அம்மா மட்டும் திறந்து சமைத்தாள். அதற்குப் பிறகு ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் சங்கத்துப் பெண்கள் யாரும் அவளுக்கு நகர்ந்து இடம் கொடுத்ததில்லை. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்று வருவாள். இன்றைக்கு அவர்களில் யாராவது வருவார்களா? வராவிட்டால் அம்மாவுக்குத் தெரியப்போவதில்லை. பிரியங்காவுக்குத் தெரியும்.

சமையலறைப் படியில் ஷோபனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியின் சமையல்காரி, சங்கத்தின் வட்டாரச் செயலாளர். வேலைநிறுத்தத்தின்போது இதே கேட்டில் நின்றுகொண்டு, "ஏய் கோமளா, அது உங்க ஊட்டு அடுப்பா?" என்று கத்தியவள்.

"எட்மாஸ்டர் போன் பண்ணாரு," என்றாள் ஷோபனா, எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு. "எங்க ஸ்கூல்ல உதவியாளர் பாத்துக்கும். சாவி குடு."

பூட்டைத் திறந்து உள்ளே போனாள். பிரியங்கா நிலைக்கு வெளியிலேயே நின்றாள்.

"இன்னா?"

"தீட்டு, அக்கா."

"சரி, அடுப்பாண்ட வராத. அங்கயே குந்தி வெங்காயம் உரி. நூத்திப் பன்னெண்டு புள்ளைங்க, நான் ஒருத்தியா இன்னா பண்ணுவேன்?"

கூடையோடு வெங்காயம் வெளியே வந்தது. பிரியங்கா படியில் உட்கார்ந்தாள். பருப்பு எங்கே, புளி எங்கே, முட்டை வேகவைக்கிற குண்டான் எங்கே என்று உள்ளிருந்து கேள்வி வர வர, வெளியிலிருந்தே சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தினமும் சாயங்காலம் அம்மா சொல்லிக் கேட்டதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து ஷோபனாவே ஆரம்பித்தாள்.

"அந்த ஒம்போது நாள்ல எங்க பதினோரு பேருக்கு மெமோ வந்துச்சி. 'அங்க ஒருத்தி சமைக்கிறா இல்ல, உங்களுக்கு இன்னா'ன்னு உங்கம்மாவக் காட்டிக் காட்டித்தான் கேட்டாங்க."

பிரியங்கா வெங்காயத்தைப் பார்த்தபடி சொன்னாள். "புள்ளைங்க தட்டோட வந்து நின்னுதுங்களாம்."

"எங்க ஸ்கூல்லயுந்தான் நின்னுதுங்க."

சாம்பார் கொதிக்கிற வாசனை வந்தது. ஒன்பதாம் வகுப்பில் யாரோ கணக்கு வாய்ப்பாட்டைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"மொளகாத்தூள்?"

"மேல் தட்டுல, செவப்பு டப்பா."

டப்பா நகரும் சத்தம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. பிரியங்கா எட்டிப் பார்த்தாள். ஷோபனாவின் கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். டப்பாவுக்கு அடியில் இருந்திருக்கிறது.

"இத எப்ப எழுதினா?"

"போன வாரம். கூட்டத்துல உங்ககிட்ட குடுக்கறேன்னு எடுத்துகினு வந்துச்சி." பிரியங்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "குடுக்கலியா, அக்கா?"

ஷோபனா அடுப்பைச் சிறிதாக்கினாள்.

"வந்தா. மண்டபத்து வாசல்ல செருப்பக் கழட்டினா. உள்ள எட்டிப் பாத்தா. அப்பறம் செருப்ப மாட்டிகினு போய்ட்டா." கரண்டியை எடுத்தாள், கீழே வைத்தாள். "நான் மேடைல குந்திகினு இருந்தேன். பாத்தேன்."

ஷோபனா அம்மாவைக் கூப்பிட்டாளா என்று பிரியங்கா கேட்கவில்லை.

கேட்கவேண்டியது வேறு. வெங்காயத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்து நின்றாள்.

"இப்ப சேத்துக்குவீங்களா?"

"யார?"

"அம்மாவ."

ஷோபனா அவளையே பார்த்தாள். பிறகு தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வரி வரியாகப் படித்தாள்.

"வெள்ளிக்கிழமை தேதி போட்டுக்கீது."

"ஆங்."

"பேனா இருக்குதா?"

பிரியங்காவிடம் பேனா எப்போதும் இருக்கும். கொடுத்தாள். ஷோபனா தாளை உறையிலிருந்து உருவிச் சுவரில் வைத்து, காலி இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அழுத்திப் பிடித்த இடத்தில் மஞ்சள் தூள் ஒட்டிய விரல் ஒன்று பதிந்தது. முந்தானையால் துடைக்கப் போனவள், விட்டுவிட்டாள்.

"இது உன் எழுத்தா?"

தலையாட்டினாள்.

"எங்க சங்கத்து நோட்டுல நான் எழுதறத நானே படிக்க முடியல," என்றாள் ஷோபனா. பிறகு போனை எடுத்தாள். "ஆங், சௌமியா... எந்த கோமளாவா? நம்ம கோமளாதான்டி. ... தெரியும், எனக்கு எல்லாம் தெரியும், நீ வா. சோறு போட்டுட்டு வாங்க. எவளும் பூட்டிட்டு வரக்கூடாது, சொல்லிட்டேன்."

மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை ராகு காலம். மூன்றுக்கு மேல் எடுப்பது என்று முடிவாயிற்று. அத்தை ஒரு பித்தளைத் தட்டில் வாய்க்கரிசிக்கு அரிசி அளந்து வைத்தாள்.

"நம்ம ஆளுங்க மொத்தமா இருவது பேரு. இது தாராளமா போதும்."

இரண்டரை ஆயிற்று. பிரியங்கா தெருமுனையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேளக்காரர்கள் டீ குடித்து முடித்தார்கள். சொந்தக்காரர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அரிசி போடத் தொடங்கினார்கள். அப்பா போட்டார். அத்தை போட்டாள். பிரியங்கா போட்டாள். அம்மாவின் உதட்டோரம் ஒட்டிய ஒரு அரிசியை விரலால் சரிசெய்தாள்.

பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள். தெருவில் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சில பேர் கையில் தூக்குச்சட்டிகூட இருந்தது. வேலை முடித்து அப்படியே வந்திருக்கிறார்கள். புடவைத் தலைப்புகளில் மஞ்சள், சாம்பார் கறை. முன்னால் ஷோபனா, தலைமுடியில் இன்னும் ஆவி படிந்த ஈரம். பின்னால் ஆட்டோவில் இருந்து மேலும் சிலர் இறங்கினார்கள். செருப்புகளை வாசலில் கழற்றினார்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறி அது ஒரு குவியல் ஆயிற்று.

"யாரு இவங்கல்லாம்?" என்றாள் அத்தை. "வாய்க்கரிசி சொந்தக்காரங்கதான போடணும்?"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரியங்கா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அம்மாவோட சங்கத்து ஆளுங்க, அத்தை," என்றாள். தெருவரைக்கும் கேட்டது. "அம்மா அதுல மெம்பரு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா எழுந்து, அத்தையின் கையில் இருந்த தட்டை வாங்கி, தானே ஷோபனாவின் முன்னால் நீட்டினார்.

ஷோபனா ஒரு பிடி எடுத்தாள். குனிந்தாள். எதையோ அம்மாவின் காதருகில் சொன்னாள், என்னவென்று யாருக்கும் கேட்கவில்லை. அடுத்து சௌமியா. அதற்கடுத்து யார் யாரோ. பதினேழாவது ஆள் வந்தபோது தட்டின் பித்தளை தெரிந்தது. வரிசை இன்னும் குழாயடிவரைக்கும் நின்றிருந்தது.

"அம்மாடி," என்றார் அப்பா, தட்டைக் காட்டி. "அரிசி பத்தல."

பிரியங்கா உள்ளே ஓடினாள். டிரம்மின் மூடியைத் திறந்து, படியை ஆழமாக விட்டு, தலைதட்டாமல் குவித்து எடுத்தாள்.