நரேலாவில் அகஸ்டினைத் தெரிந்தவர்

விசாரிக்க வந்தவருக்கு டீ கொடுத்தால் லஞ்சம் மாதிரி ஆகிவிடுமோ, கொடுக்காவிட்டால் மரியாதை தெரியாத குடும்பம் என்று எழுதிவிடுவாரோ என்று செலினுக்குக் குழப்பம். அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள்.

தம்பி அகஸ்டின் குற்றவாளிதான் என்று கோர்ட்டில் போன மாதமே தீர்ப்பாகிவிட்டது. என்ன தண்டனை என்பதுதான் பாக்கி; அதுவரை ஜாமீனில் வீட்டில் இருக்கிறான். ஜெயிலா, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யுமுன், வீட்டையும் அக்கம்பக்கத்தையும் விசாரித்து வரச்சொல்லி நீதிபதி அனுப்பிய பெண் அலுவலர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

ஆதார், கரண்ட் பில், அவன் வேலை பார்க்கும் கடையின் கடிதம் எல்லாவற்றையும் செலின் எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் "அச்சா" என்றவர், பிறகு இந்தியில் கேட்டார்: "அக்கம்பக்கத்துல இவனை யாருக்குத் தெரியும்?"

இதற்குச் செலினிடம் காகிதம் இல்லை. டில்லியில் முன்பு இருந்த தமிழர் குடிசைப்பகுதியான மதராசி கேம்ப் என்றால் தெருவே வந்து நின்றிருக்கும். கேம்பை இடித்தபின் ஆளுக்கொரு திசை. மாற்று வீடு கொடுத்த இந்த நரேலாவில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. கேம்பிலிருந்து இதே கட்டடத்துக்கு வந்தவர் கீழ்வீட்டு ஐயப்பன் ஒருவர்தான். டேங்கர் தண்ணீர்ச் சண்டையில் அகஸ்டின் வாளியால் உடைத்ததும் அவர் மண்டையைத்தான்.

யாருமில்லை என்றால் ஊர்பேர் தெரியாதவன் என்று எழுதுவார். செலின் படியிறங்கினாள். அலுவலர் பின்னால் வந்தார்.

ஐயப்பன் பனியனோடு கதவைத் திறந்தார். நெற்றியில் தழும்பு.

"அண்ணே, இவங்க தம்பி விஷயமா..."

"தெரியுது. கோர்ட்டு ஆளுங்க செருப்புச் சத்தமே தனி."

ஆள் எப்படி என்று அலுவலர் கேட்டார்.

"முன்கோபி, மேடம். டேங்கரைப் பாத்தா மனுசனா இருக்கமாட்டான்." ஐயப்பன் நெற்றித் தழும்பைத் தொட்டுக்காட்டினார். "அடிச்சது அவன்தான். என்னை ஆட்டோல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினதும் அவன்தான். வழியெல்லாம் அவன் அழுத அழுகை! அடிபட்டது யாருன்னு ஆட்டோக்காரனுக்கே சந்தேகம்."

அலுவலர் சிரிக்கவில்லை. "ஜெயிலுக்கு அனுப்பாம வெளியே விட்டா உங்களுக்குப் பயமில்லையா?"

அகஸ்டின் மாடிப்படி வளைவில் வெறுங்காலோடு வந்து நின்றான். உள்ளே போடா என்று செலின் கண்ணால் விரட்டினாள். அவன் நகரவில்லை. ஐயப்பன் அவனையே பார்த்தார்.

"இருக்கு, கொஞ்சம்," என்றார். "ஜெயிலுக்குப் போயிட்டு வந்தான்னா அதிகமா இருக்கும்."

அலுவலரின் பேனா, கொஞ்சம் பயம் இருக்கிறது என்ற முதல் வாக்கியத்தோடு நின்றது.

"ரெண்டையும் எழுதுங்க மேடம். ஒண்ணை மட்டும் எழுதினா நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

பேனா மறுபடி நகர்ந்து இரண்டாவதையும் எழுதி முடிக்கும் வரை செலின் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.